ஆய்வுக்கு வந்தவரிடம் நான் மறைத்தது

நான் இப்போது இருக்கிற ஊரில் சோப்புக்கு இரண்டு விலை. அடுக்கில் ஒட்டியிருக்கும் சீட்டில் ஒன்று, கல்லாவில் கேட்பது இன்னொன்று. கனடாவில் வின்னிபெக் என்கிற இந்தக் குளிர் ஊருக்கு வந்த புதிதில், சீட்டில் இருந்த விலைக்குச் சரியாகச் சில்லறை பொறுக்கி, உள்ளங்கையில் மூடிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்த பெண் காசைப் பார்த்துவிட்டு இன்னும் வேண்டும் என்பதுபோல் விரலை ஆட்டினாள். நான் அடுக்கைக் காட்டினேன். அவள் திரையைக் காட்டி "டாக்ஸ், டாக்ஸ்" என்றாள். எனக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். அதற்கு மேல் அங்கே நிற்கக் கூச்சமாகிவிட்டது. சோப்பையும் காசையும் அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். பாவம், அந்தப் பெண் பனியில் ஓடிவந்து காசை என் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

மகள் கோமதி விழுந்து விழுந்து சிரித்தாள். "அது வரிமா. இங்க தனியா போடுவாங்க. அரிசி, பால், காய்கறிக்கெல்லாம் கெடையாது. சோப்புக்கு உண்டு."

"நம்ம ஊர்ல சோப்புக்கு வரி இல்லையே?"

"யார் சொன்னா? இருக்குது. வெலைக்குள்ளயே ஒளிஞ்சிக்கினு இருக்குது. அட்டையில இங்கிலீஷ்ல போட்டிருப்பான், நீ பாத்திருக்க மாட்ட."

என் ஐந்தாம் வகுப்புக்கு அந்த எழுத்து எட்டவில்லைதான். ஆனால் இந்தச் செய்தியை ஒருத்தி எனக்கு எப்போதோ சொல்லியிருந்தாள். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஐயம்பேட்டை எங்கள் ஊர். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் போகிற தூரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் சத்துணவுச் சமையல் உதவியாளர். அரிசி களைவது, காய் நறுக்குவது, முட்டை உரிப்பது, பாத்திரம் தேய்ப்பது என் வேலை. அடுப்பு சமையல்காரர் ரூபி அக்காவுடையது. நான் ஒரு நாள் முழுக்கப் பேசுகிற பேச்சை அவள் ஒரு உலை கொதிப்பதற்குள் பேசி முடித்துவிடுவாள். பள்ளிக்கூடத்தை ஒட்டி நிலம் வைத்திருந்த ஒரு பெரியவர் மதியம் அந்த வழியாக வருவார். வரிசையில் தட்டோடு நிற்கும் பிள்ளைகளைப் பார்ப்பார். சிலதுகள் விரலில் பட்டு நூலின் சாயம் போகாமல் இருக்கும். சிலதுகள் காலை வேளையில் வெறும் டீ குடித்துவிட்டு வந்தவை. ஒருநாள் அவர், "எங்க வரிப்பணத்துல ஆக்கிப் போடறீங்க, கை தாராளமாத்தான் வரும். ஓசிச் சோத்துல வளர்றது எங்க உருப்படப் போவுது?" என்றார்.

நான் தலை குனிந்துகொண்டேன். வரிசையில் நின்றவர்களில் என் கோமதியும் ஒருத்தி. ரூபி அக்கா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "ஏங்க, நாங்க வாங்கற தீப்பெட்டிக்குப் போடற வரியும் உங்க வூட்ல இருந்தா வருது?" என்றாள். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பிறகு நான், "தீப்பெட்டிக்குமா வரி?" என்று கேட்டேன். "பின்ன? துணிக்கு, சோப்புக்கு, எண்ணெய்க்கு. நாம கட்டறோம்டி. ரசீதுதான் குடுக்க மாட்டான்" என்றாள்.

இருந்தும் "ஓசி" என்கிற அந்தச் சொல் என் மனதில் தங்கிவிட்டது. ரூபி அக்காவுக்கு நாக்கு இருந்தது, உதறிவிட்டாள். என்னைப் போன்றவர்கள் அப்படிப்பட்ட சொல்லை முடிந்துகொண்டு கடல் தாண்டியும் வந்துவிடுகிறோம்.

கோமதி இங்கே ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். மாவு சரியாக இருக்கிறதா, ரொட்டி சரியாக வெந்ததா என்று பரிசோதிக்கிற வேலை. மருமகன் தூரத்து ஊர்களுக்கு லாரி ஓட்டுகிறவர். ஒருமுறை கிளம்பினால் வீடு திரும்ப நாலைந்து நாள் ஆகும். சம்பளச் சீட்டு வருகிற அன்று மட்டும் அவருக்குக் கோபம் வரும். "பாருங்க அத்தை, எனக்கு முன்னாடி கவர்மெண்டு சாப்புட்டுடுது" என்பார். அவருக்குப் பரிந்து நானும் உச்சுக்கொட்டுவேன்.

நாங்கள் இங்கே வந்த இரண்டாம் வருஷம் கோமதியின் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அரிசி மில்லில் மூட்டை தூக்கிய மனுஷன் அவர். இரண்டு ஆள் தூக்குகிறதைத் தனியாகத் தூக்கி, இறக்கி வைத்துவிட்டுப் பீடி பற்றவைப்பார். அவருக்கு வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறினாலும் புத்தி தெளிவாக இருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். கிளம்புகிற அன்று நான் என் வளையலைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்திருந்தேன், பணம் கட்டச் சொன்னால் ஆகும் என்று. யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒருவர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து, வண்டியில் ஏற்றிவிட்டுக் கையசைத்தார். பணம் கட்டாமல் வெளியே வருவது எனக்கு எதையோ திருடிக்கொண்டு வருவது போலிருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கஷ்டம். அவரை எழுப்ப, குளிப்பாட்ட, கழிவறைக்குக் கொண்டுபோக எனக்குத் தெம்பில்லை. என் இடுப்பு ஏற்கெனவே அண்டா தூக்கித் தேய்ந்தது. கோமதி விடுப்பு எடுத்து எல்லாவற்றையும் செய்தாள். விடுப்பு முடிகிற நாள் நெருங்கியது. அவள் சொன்னாள்: "சுகாதாரத் துறையில இருந்து ஒருத்தர் வந்து அப்பாவப் பாப்பாங்கமா. பாத்து எழுதிக் குடுத்தா தெனமும் வீட்டுக்கே ஆள் அனுப்புவாங்க. நம்ம காசு தர வேணாம். அது கெடைக்கலன்னா நான் வேலைய விடணும்."

அவள் வேலையை விட்டால் வீட்டுக் கடன் கட்ட முடியாது என்பதை அவள் சொல்லவில்லை. எனக்கே தெரியும்.

வருகிற நாளும் வந்தது. அன்று காலை தொழிற்சாலையில் அவசரம் என்று கோமதியைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவங்க வர்றதுக்குள்ள வந்துடுவேன் என்று ஓடினாள். நடுவில் பனி கொட்டிச் சாலை அடைத்துக்கொண்டது. வீட்டில் நானும் அவரும்தான்.

நான் என்ன செய்தேன் என்று நம்மூர்ப் பெண்களுக்குச் சொல்லாமலே தெரியும். விடிந்ததிலிருந்து துடைத்தேன். சிறுநீர்க் குடுவையைத் துணிமணிக்குள் ஒளித்தேன். படுக்கையில் விரிக்கிற ரப்பர் விரிப்பை மடித்து அலமாரிக்குப் பின்னால் தள்ளினேன். அவருக்கு முகச்சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி இட்டு, நாற்காலியில் உட்காரவைத்தேன். ஒரு பக்கம் சாய்ந்தார். சாயாமல் இருக்க முதுகுக்குப் பக்கத்தில் ஒரு தலையணையைச் சொருகி, அது தெரியாதபடி சால்வையைப் போர்த்தினேன். விளங்காத கையை எடுத்து மடியில் அழகாக வைத்து, அதன்மேல் நல்ல கையை வைத்தேன். பார்த்தால் கல்யாணத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிற சம்பந்தி மாதிரி இருந்தார்.

வந்த அம்மாவின் பெயர் ஹெலன். என் வயதுக்குப் பத்துப் பன்னிரண்டு குறைவு இருக்கும். வாசலிலேயே காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். எனக்கு ஆங்கிலம் வராது என்று தெரிந்ததும் கைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரை அழைத்து, அதை மேசையில் வைத்தார். எங்கோ இருந்து ஒரு பெண்குரல் பேசியது. யாழ்ப்பாணத்துத் தமிழ்.

"அம்மா, அவர் தன்ரை பாட்டில, துணையில்லாம, நடப்பாரோ எண்டு கேக்கினம்."

நாற்காலியிலிருந்து அவர் என்னைப் பார்த்தார். நான், "நடப்பாருமா. மெதுவா நடப்பாரு" என்றேன்.

"குளிக்க வாக்கிறது ஆர்?"

"அவரே குளிச்சிக்குவாரு. நான் சும்மா முதுகு தேய்ச்சி விடுவேன்."

"உங்களுக்கு நோ ஏதும் இருக்கோ? அவரைத் தூக்கேக்க இடுப்பு நோகுமோ?"

"எனக்கு என்னாமா, நான் நல்லாத்தான் இருக்கேன்."

நான் சொல்லச் சொல்ல அவர் முகவாய் உயர்ந்துகொண்டே போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அன்றைக்குத்தான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஹெலனுக்குக் காபி கொடுத்தேன். வெரி நைஸ், வெரி நைஸ் என்று வீட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். ஆய்வு நல்லபடி முடிந்தது என்று எனக்கு நிம்மதி.

சில நாளில் கடிதம் வந்தது. கோமதி அடுப்படியில் நின்றபடியே படித்தாள். வாரத்துக்கு ஒருமுறை குளிப்பாட்ட உதவி. அவ்வளவுதான்.

"என்னாமா சொன்ன அவங்ககிட்ட?"

சொன்னேன். ஒளித்ததையும் தலையணையையும் சேர்த்தே சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "அவங்க நமக்கு மார்க் போடவாமா வந்தாங்க? எங்க ஒடஞ்சிருக்குதுன்னு பாக்க வந்தாங்க. நீ ஒடஞ்சத எல்லாம் பீரோவுக்குப் பின்னாடி வெச்சிட்டு காபி குடுத்து அனுப்பியிருக்க."

எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்துச் சமையல்கூடம் ஞாபகம் வந்தது. ஓடு உடைந்து மழைநாளில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒழுகும். ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் முந்தின நாளே புளி போட்டு அண்டாவைத் தேய்ப்போம். சுவரில் சுண்ணாம்பு பூசுவோம். ஒழுகுகிற இடத்துக்கு நேர்கீழே பெரிய அண்டாவை வைத்துத் தட்டுப் போட்டு மூடிவிடுவோம். குறை தெரிந்தால் நம் வேலைக்கு உலை வைத்துவிடுவார்கள் என்று பயம். இரண்டு மழைக்காலம் இப்படி ஓட்டினோம். புதிதாக வந்த சத்துணவு அமைப்பாளர் டீச்சர் அந்த அண்டாவை நகர்த்திவைத்து, வந்தவரைக் கூட்டிப்போய் ஓட்டையைக் காட்டினார். அடுத்த மாதமே ஓடு மாற்றினார்கள். ரூபி அக்கா வாயில் கைவைத்து, "அடிப்பாவி, இவ்வளோதானா? ரெண்டு மழைய அண்டாவுல புடிச்சிக்கினு இருந்தோமேடி" என்றாள். அந்தப் பாடத்தை நான் அப்போதே படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை. அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஆய்வுக்கும் முந்தின நாள் புளி கரைத்தவள்தான் நான்.

கோமதி தொலைபேசியில் பேசிப் பேசி மறுபடியும் பார்க்க வரச் சொன்னாள். இந்தத் தடவை அவளும் வீட்டில் இருந்தாள், ஆனாலும் பொய் சொன்ன நான்தான் பேச வேண்டும், அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அன்று காலை முகச்சவரம் செய்யவில்லை. ரப்பர் விரிப்பு படுக்கையிலேயே இருந்தது. தலையணையை வெளியில் தெரிகிற மாதிரி வைத்தேன். அவர் அதைப் பார்த்தார்.

"எல்லாத்தையும் சொல்லப் போறியா?"

"சொல்லணுங்க."

"எனக்கு எதிர்லயேவா?"

கலியாணமான நாளிலிருந்து அவருக்கு முன்னால் நான் வெளியாளிடம் அதிகம் பேசியதில்லை. பேசியபோதும் அவரைக் குறைத்துச் சொன்னதில்லை.

ஹெலன் வந்தார். மேசையில் கைபேசியை வைத்தார். யோகமோ என்னவோ, அதே யாழ்ப்பாணத்துக் குரல்.

"அம்மா, போன முறை அவர் நடப்பார் எண்டு சொன்னனீங்கள்..."

"பொய் சொன்னேம்மா."

அந்தப் பெண் தாழ்ந்த குரலில், "அதையும் அப்பிடியே சொல்லட்டோ அம்மா?" என்று கேட்டாள்.

"அப்படியே சொல்லும்மா."

சொன்னாள். ஹெலன் பேனாவைக் கீழே வைத்தார். நான் நிறுத்தவில்லை. நடக்க முடியாது, குளிக்க முடியாது, படுக்கை நனைகிறது, தூக்கும்போது என் இடுப்பு விட்டுப்போகிறது, ஒருமுறை அவரும் நானும் குளியலறைத் தரையில் உட்கார்ந்து மகள் வரும்வரை காத்திருந்தோம், எல்லாம் சொன்னேன். ஆய்வுக்கு வருகிறவர்களிடம் குறை காட்டக் கூடாது என்று முப்பது வருஷப் பழக்கம் என்றும் சொன்னேன். சொல்லும்போது அவர் பக்கம் திரும்பவில்லை. கடைசியில் என் மனதில் கிடந்ததையும் கேட்டுவிட்டேன்: "நாங்க இந்த ஊர்ல வேல செய்யல. வரி கட்டல. எங்களுக்குக் குடுக்கறது சரியாமா?"

ஹெலன் சொன்னதை அந்தப் பெண் சொன்னாள்: "ஆர் வரி கட்டினது எண்டு தன்ரை தாளில கேள்வி இல்லையாம். ஆருக்கு எழும்ப ஏலாது எண்டு மட்டுந்தான் கேள்வியாம்."

அந்தப் பதில் எனக்கு முழுதாகப் போதவில்லை. இன்றைக்கும் போதவில்லை. ஆனால் முட்டை உரித்துப் போட்ட நாளில் நானும் எந்தப் பிள்ளையையும் உன் அப்பன் வரி கட்டினானா என்று கேட்டதில்லை.

அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார். நல்ல கையால் சால்வையை இழுத்துக் கீழே போட்டார். "ஏ, அந்தம்மாகிட்ட சொல்லு. முடியலன்னு எழுதிக்கச் சொல்லு" என்றார். நாக்குக் குழறியது, இருந்தும் கைபேசியில் இருந்த பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. நான் எடுத்துச் சொல்வதற்குள் அவளே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள். மூட்டை தூக்கிய அந்த மனுஷன் தன்னைத் தானே குறைத்துச் சொன்னதை நான் அன்றுதான் பார்த்தேன். கோமதி அவர் காலடியில் உட்கார்ந்து கீழே விழுந்த சால்வையை மடித்துக்கொண்டிருந்தாள். ஒரே சால்வையை மூன்று தடவை மடித்தாள்.

தினமும் காலையும் மாலையும் ஆள் வருவார் என்று எழுதி வந்தது. அவர் கூச்சப்படுவார் என்று ஆண் ஆளாகக் கேட்டோம், அதற்கும் சரி என்றார்கள். கோமதி வேலையை விடவில்லை.

சந்தோஷமாக இருக்க வேண்டிய நேரத்தில் எனக்கு வேறு யோசனை. இந்தப் பெண்ணுக்கு முட்டையும் சோறும் போட்டது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம். புத்தகம், சைக்கிள், பஸ் பாஸ் எல்லாம் அங்கே கொடுத்தார்கள். ரூபி அக்கா வாங்கிய தீப்பெட்டியும் அதில் சேர்த்தி. அப்படி வளர்ந்தவள் வரி கட்டுவது இந்த ஊருக்கு. இதை அவளிடம் சொன்னேன். அவள், "அதுக்குன்னு நான் திரும்பிப் போயி அங்க ரொட்டி சுடவாமா?" என்று சிரித்தாள். சிரித்த பிறகு வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த யோசனையில்தான் ஊருக்குப் போன் போட்டேன். எங்கள் வீட்டில் என் நாத்தனார் தனம் இருக்கிறாள். புருஷன் இல்லாதவள். ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் அவளுடைய அண்ணன், அடுத்து நான், அடுத்து அவள். நாங்கள் வந்து மூன்று வருஷமாகியும் மூன்று பேருக்கும் அரிசி வாங்கிக்கொண்டிருந்தாள்.

"தனம், கார்டுல எங்க ரெண்டு பேர் பேரையும் எடுத்துடும்மா."

"ஏன் அண்ணி, எவனாவது எழுதிப் போட்டானா?"

"இல்லமா. இங்க எங்களுக்கு ஆள் வெச்சிப் பாத்துக்கப் போறாங்க. அங்கயும் எங்க பேர்ல வாங்கினா எப்படி?"

"ஊர்ல எல்லாரும்தான் வெச்சிக்கினு இருக்காங்க. துபாய்ல இருக்கறவன் பேர்ல கூட இங்க சக்கர போடறான். நீங்க மட்டும் அரிச்சந்திரன் வூட்டு ஆளா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்: "நான் அரிசிக்குச் சொல்லல அண்ணி. எனக்கு ஒரு ஆளுக்கு வர்றது போதும். கடையில பேர் சொல்லிக் கூப்புடும்போது அண்ணன் பேரத்தான் கூப்புடறாங்க. இருக்கறேன்னு நான் போய் கைரேக வெக்கறேன். அதனால நீங்க திரும்பி வருவீங்கன்னு நெனச்சிக்கினு இருக்கேன்."

கைபேசியை அவர் காதில் வைத்தேன். தங்கை சொன்னதையெல்லாம் கேட்டார். "எடுத்துடு தனம். எனக்கு இருக்கறது ஒரு வயிறு" என்றார். பிறகு கைபேசியைத் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தனம் எடுத்துவிட்டாள். புதுக் கார்டைப் படம் பிடித்து அனுப்பினாள். அதில் அவள் மட்டும் இருந்தாள், அழுதுவிட்டுப் படம் எடுத்துக்கொண்ட முகத்தோடு.

அதற்கு இரண்டு நாள் கழித்து, அவரைப் பார்த்துக்கொள்ள அனுப்பிய ஆள் ஜோசப் வந்தான். எத்தியோப்பியாவிலிருந்து வந்தவனாம், முப்பது வயதிருக்கும். அவரைப் பூத்தொட்டி மாதிரி அலுங்காமல் தூக்குகிறான். இந்த நாட்டில் நம் பாஸ்போர்ட்டில் இருக்கிற அப்பா பெயரைத்தான் குடும்பப் பெயர் என்று வைத்துக்கொண்டு மரியாதைக்கு அதைச் சொல்லி அழைக்கிறார்கள். இவர் பெயர் ஏகாம்பரம். எழுதவே எனக்குக் கை கூசுகிறது. இவருடைய அப்பா வரதன், என் மாமனார். காஞ்சிபுரத்தைத் தாண்டி எங்கும் போகாமல் ஐயம்பேட்டையிலேயே மண்ணாகிப் போனவர். தினமும் காலை எட்டு மணிக்குக் கதவைத் தட்டி ஜோசப் சத்தமாக, "குட் மார்னிங் மிஸ்டர் வரதன்!" என்கிறான். என்னையறியாமல் நான் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு ஓரமாக ஒதுங்குகிறேன். முதல் வாரம் இவர் அது தன்னை இல்லை என்பதுபோல் பேசாமல் கிடந்தார். இப்போது உள்ளறையிலிருந்து, அப்பாவுக்குப் பதிலாக, "இருக்கேம்பா, வா" என்று குரல் கொடுக்கிறார்.